சுருட்டில் ஊசித்துளை விழுந்தால்

எங்கள் கண்டமங்கலம் பக்கத்தில் சுருட்டு பிடிக்கிற பெரியவர்கள் அருகிவிட்டார்கள். ஆனால் சுருட்டு வாங்கி வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பச்சைவாழியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் வாழ்முனிக்கும் செம்முனிக்கும், ஊர் எல்லையில் இருக்கும் முனீஸ்வரனுக்கும் படையல் போடுகிற குடும்பங்களில் ஒரு கட்டுச் சுருட்டு மளிகை அலமாரியிலோ பரணிலோ கிடக்கும். படையல் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். வாங்குவதோ கட்டாக. மிச்சம் அடுத்த படையல் வரை டப்பாவில் கிடக்கும்போது வண்டு விழுந்துவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. படையலன்று காலையில் டப்பாவைத் திறந்த சின்னம்மா, "ஏம்பா, சுருட்டெல்லாம் உளுத்துப் போச்சே, இத எப்படி சாமிக்கு வெக்கிறது?" என்றார். ஊசியால் குத்தியது போல ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துளைகள், டப்பாவின் அடியில் பழுப்பு மாவு. அன்றைக்கு அவசரமாக வேறு வாங்கிச் சமாளித்தோம். அதன்பிறகு படித்தும் கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். உறையூர்ச் சுருட்டுக்கு அந்த அளவுக்கு அப்போது சீமையில் பெயர். நமக்குச் சாம்பல் வேண்டாம், தூள் போதும். சுருட்டுகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். வட்டமான ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் இருந்தால் சிகரெட் வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். தலையைக் கீழே மடக்கிக்கொள்வதால் கூன் விழுந்தது போலத் தெரியும். துளை எதுவும் இல்லாமல், வெளிறிய பொடிப் பூச்சிகள் மட்டும் மேலே ஊர்ந்தால் அது பேன் போன்ற வேறு பூச்சி. அது தின்பது புகையிலையை அன்று, ஈரத்தில் வந்த பூஞ்சணத்தை. சுருட்டைத் துடைத்து, டப்பாவை நன்றாகக் காயவைத்தால் போய்விடும். வெள்ளையாகப் படிந்து, துடைத்தால் கையோடு வருவது வெறும் பூஞ்சணம். மேலோட்டமாக இருந்தால் துடைக்கலாம். உள்ளே வரை போய் முக்கல் வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள்.

வண்டுதான் என்றால் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கண்ணில் படுகிற துளை, வண்டு வெளியேறிய வழி. தின்றதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. தின்பது புழு. வளர்ந்த வண்டு அனேகமாக எதையும் தின்பதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் உயிரோடிருந்து, ஒரு பெண்வண்டு நூறு முட்டை வரை இட்டுவிட்டுச் சாகிறது. முட்டை ஒரு வாரத்தில் பொரியும். வெள்ளையாக, வில்லாய் வளைந்து, மயிரடர்ந்திருக்கும் புழு உள்ளேயே குடைந்து வளர்ந்து, அங்கேயே கூடு கட்டி வண்டாகும். 30 டிகிரிச் சூடும் 70 சதவீத ஈரப்பதமும் அதற்கு மிகவும் பிடித்தவை. விழுப்புரம்–புதுச்சேரிச் சாலையோரத்தில் இருக்கிற நம் வீடுகளில் இந்த இரண்டும் ஆண்டில் பல மாதம் சும்மாவே கிடைக்கின்றன. இந்த வெக்கையில் முட்டை வண்டாக ஒன்றரை, இரண்டு மாதம் போதும். ஆகவே துளையில்லாத சுருட்டையும் நல்லதென்று நம்பிவிடாதீர்கள். அதே டப்பாவில் இருந்தது என்றால் உள்ளே முட்டையோ புழுவோ இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிலையைக் கொதிக்க வைத்து அசுவினிக்கு மருந்தாகத் தெளித்த ஊர் நம்முடையது. பூச்சியைக் கொல்கிற அந்த இலையை இந்தப் புழு எப்படித் தின்கிறது? அதன் குடலை ஒட்டிய சிறு பைகளில் ஒருவகை ஈஸ்ட் வாழ்கிறது. அந்த ஈஸ்ட் நஞ்சை முறித்துக் கொடுக்கிறது, சத்தும் கொடுக்கிறது. அதனால்தான் இந்த வண்டுக்கு மஞ்சள், மல்லி, காய்ந்த மிளகாய், சீரகம், சுக்கு எல்லாமே உணவு. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலேயே இதன் உடல் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து புகையிலை அந்தப் பக்கம் வருவதற்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லறை அது. பேரில்தான் சிகரெட், உண்மையில் இது மளிகை வண்டு.

இனி வேலைக்கு வருவோம். துளை விழுந்த சுருட்டுகளைத் தனியாக ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள். அவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். மாட்டுத் தொட்டிப் பக்கமோ எருக்குழியிலோ வீசிவிடாதீர்கள், புகையிலை மாட்டுக்கு நஞ்சு. துளையில்லாதவற்றைச் சிறு சிறு கட்டாகப் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஜிப் வைத்த கவரில் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் வையுங்கள். இதையும் துளை விழுந்தவை உள்ள பையையும் ஃப்ரீசரில் வைத்து முழுதாக ஏழு நாள் விடுங்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிர் சுருட்டின் நடுவரை போய் நின்றால் முட்டை, புழு, கூடு, வண்டு நான்கும் சாகும்.

ஆனால் எல்லா ஃப்ரீசரும் மைனஸ் 18 தொடுவதில்லை. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பனிக்கட்டி பிடிக்கும், அவ்வளவு குளிராகாது. ஒரு கப் ஐஸ்கிரீமை ஒருநாள் வைத்துப் பாருங்கள். கரண்டி இறங்காமல் கல்லாக இருந்தால் நம்பலாம். இளகியிருந்தால் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி ஐஸ்கிரீம் பெட்டியில் ஓர் ஓரம் கேளுங்கள். பை இரட்டையாக இருந்தால் வாடை பரவாது. நடுவில் நாலைந்து மணி நேரம் கரண்ட் போய் உள்ளே இளகிவிட்டால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

வெளியே எடுக்கும்போதுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உறைந்த இலை அப்பளம் போல நொறுங்கும், கையால் அமுக்கக் கூடாது. பையைத் திறக்காமலே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒருநாள், பிறகு வெளியே அரைநாள். பையின் வெளிப்புறத்தில் படிந்த நீர்முத்து முற்றிலும் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். முன்பே திறந்தால் அந்த ஈரம் சுருட்டில் இறங்கும், அடுத்த வாரம் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். துளை விழுந்தவை இருந்த பையை இப்போது அப்படியே குப்பைக்கு அனுப்பலாம்.

சுருட்டு குளிரில் இருக்கும் அந்த ஏழு நாளில் அலமாரியைப் பாருங்கள். இதைச் செய்யாதவர் வீட்டில் இரண்டே மாதத்தில் வண்டு திரும்ப வரும், எழுதித் தருகிறேன். எங்கள் வீட்டில் வண்டு முதலில் பெருகியது சுருட்டில் இல்லை. அலமாரியின் பின்வரிசையில் மறந்துபோன மல்லிப் பொட்டலத்தில்தான் கூட்டம் கூட்டமாக இருந்தது. மஞ்சள், மல்லி, மிளகாய், சீரகம், நாய்த்தீனி, பழைய காகிதப் பொட்டலம் எல்லாவற்றையும் இறக்கிச் சலித்துப் பாருங்கள். உளுத்ததைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். நல்லதாகத் தெரியும் மல்லியையும் மிளகாயையும் சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்புத் தார்ப்பாயின் மேல் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்கலாம். சுருட்டை மட்டும் வெயிலில் போடாதீர்கள், மேலிலை வெடித்துவிடும். பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, தாள் விரித்த மூலை இங்கெல்லாம் தூளும் கூடும் ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

வேப்பிலை போடலாமா என்று கேட்பார்கள். போடுவதில் கெடுதி இல்லை, ஆனால் சுருட்டுக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அந்த நெடி இலையில் ஏறி, பிறகு புகையோடு ஆளின் நெஞ்சுக்குள் போகும். பூச்சிமருந்து அடிப்பதும் அப்படியே. படையல் முடிந்ததும் அந்தச் சுருட்டைப் பூசாரியோ யாராவது பெரியவரோ பற்றவைப்பார் என்பதை மறக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் நெல்மூட்டைக்கு வைக்கிற மாத்திரைதான். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும். புகையிலைக் கிடங்குகளில் இந்த வண்டுக்கு அதைத்தான் வைக்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் தார்ப்பாய் போட்டு மூடி, வாயுவை அளந்து, நாள் கணக்கில் ஆளை உள்ளே விடாமல் செய்கிறார்கள். வீட்டு அலமாரியில் வைத்தால் அந்த வாயு கதவிடுக்கு வழியே பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குப் போகும். அதற்கு முறிமருந்து கிடையாது. சட்டப்படியும் அது எல்லாருக்கும் விற்கக் கூடிய பொருள் இல்லை. "அரை மாத்திரை போதும்பா, ஒண்ணும் ஆவாது" என்று யார் சொன்னாலும் வாங்கி வராதீர்கள்.

திரும்ப வைக்கும்போது பாலித்தீன் கவரையோ அட்டைப்பெட்டியையோ நம்ப வேண்டாம், இரண்டையும் வண்டு குடையும். கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா இரண்டுதான் சரி. மளிகை அலமாரியை விட்டு வேறு அறையில் வையுங்கள். டப்பாவின் அடியில் ஒரு வெள்ளைத் தாள் போடுங்கள், தூள் விழுந்தால் உடனே தெரியும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இருமுறை பாருங்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் இந்த வண்டு பறக்கும். ஜன்னல் கண்ணாடியிலும் விளக்கடியிலும் ஒன்றிரண்டு தென்பட்டால் அலமாரியை அன்றே இறக்குங்கள். பெண்வண்டின் வாசனையை வைத்துச் செய்த ஒட்டுப்பொறிகள் விற்கின்றன. அதில் ஆண்வண்டு மட்டுமே சிக்கும் என்பதால் வண்டு இருக்கிறதா என்று அறியத்தான் உதவும், ஒழிக்க உதவாது.

மூட்டைக் கணக்கில் மல்லியோ மிளகாயோ வைத்திருந்து, அதில் வண்டு விழுந்திருந்தால் வீட்டு வைத்தியம் போதாது. ஒரு பிடியைச் சீசாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். சாமிக்கு வாங்குகிறவர்கள் கட்டாக வாங்க வேண்டாம். படையலுக்கு இரண்டு நாள் முன்பு, வேண்டியதை மட்டும் எண்ணி வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் வாங்குகிறோம்.