ஏவிய வேலையும் ஏவாத வேலையும்

ஆடு ஒன்று வாங்கிவர உர்வா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தார். நபியவர்கள் அவருக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள்.

ஏவாத விற்பனை செல்லுமா? உரியவர் சம்மதிக்கும்வரை நிறுத்திவைக்கவேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம்.

இன்றைய வக்கீல் செயற்கை நுண்ணறிவு யந்திரம். ஜாலான் புசார் வியாபாரி விலை மட்டும் விசாரிக்கச் சொன்னால், அது பணமும் கட்ட முனையலாம். ஆகவே, செய்யுமுன் அதன் திட்டத்தை ஏவலோடு ஒப்பிடுக, மிஞ்சியதை நிறுத்துக. மீட்கமுடியாத செயலுக்கு மனிதர் சம்மதம் வேண்டுமென 2026 ஜனவரியில் வெளியான சிங்கப்பூர் அரசின் வழிகாட்டியும் கூறுகிறது.

யந்திரத்திற்கு நிய்யத்து இல்லை, கேள்விகணக்கு ஏவியவருக்கே.