இசை வேலைக்கு எந்த எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கலாம்?

எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், அதை எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பதிவும் மிக்ஸிங்கும் ஒரு வேலை, சாம்பிள் லைப்ரரி இன்னொன்று, முடிந்த பாட்டைப் பத்திரப்படுத்துவது மூன்றாவது. ஒவ்வொன்றும் டிரைவிடம் வேறு வேறு குணத்தைக் கேட்கிறது.

பதிவும் மிக்ஸிங்கும்: சாதாரண எஸ்எஸ்டி போதும்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக்குக்கு நொடிக்கு 0.144 எம்பி தேவை. 50 டிராக் சேர்ந்து ஓடினாலும் 7.2 எம்பிதான். நொடிக்கு 100 எம்பி தரும் ஹார்ட் டிஸ்க்குக்கு இது பெரிய சுமையில்லை. ஆனாலும் அது சில நேரம் திணறும். டிராக்குகள் தட்டில் வெவ்வேறு இடங்களில் கிடப்பதால், ஒவ்வொன்றையும் எடுக்க ஹெட் நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்ட் ஆகிறது. எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு இல்லை, சத்தமும் இல்லை. மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கும் வீட்டு ஸ்டூடியோவில் இது பெரிய விஷயம். தம்புரா தேய்ந்து அடங்கும் இடத்தில் டிஸ்க்கின் ரீங்காரம் பதிவாகிவிடக் கூடாது. நொடிக்கு 500 எம்பி அளவில் ஓடும் 1 டிபி எஸ்எஸ்டி இந்த வேலைக்குத் தாராளம்.

சாம்பிள் லைப்ரரி: இங்கே வேகத்துக்குச் செலவழிக்கலாம்

கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிரைவிலிருந்து இழுக்கும். வயலின் பகுதி முழுவதையும் அடுக்கினால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் வேண்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க் இங்கே ஒத்துவராது. நொடிக்கு 1000 எம்பி அளவில் தரும் 10 ஜிபிபிஎஸ் என்விஎம்இ டிரைவ் நல்ல தேர்வு. லைப்ரரி சீக்கிரம் லோடாகும். 20 ஜிபிபிஎஸ் டிரைவுகளைப் பெரும்பாலான மேக்குகள் 10 ஜிபிபிஎஸ் வேகத்தில்தான் ஓட்டும், அதனால் கூடுதல் விலை வீண். தண்டர்போல்ட் டிரைவ் பெரிய ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்டோடு வீடியோவும் ஓட்டும் பின்னணி இசையமைப்பாளர்களுக்குப் பொருந்தும்.

கேபிளையும் கவனியுங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் யுஎஸ்பி 2.0 வகை. அதில் மாட்டினால் எந்த எஸ்எஸ்டியும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

பத்திரப்படுத்த: ஹார்ட் டிஸ்க்

ஒரு டிபிக்கு ஆகும் விலையில் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. அதோடு, மின்சாரம் கொடுக்காமல் நெடுங்காலம் பீரோவில் வைத்த எஸ்எஸ்டியில் தகவல் அழியும் அபாயம் உண்டு. சிறிய 2.5 அங்குல டிஸ்க்குகளில் பலவும் எஸ்எம்ஆர் வகை. அவற்றில் பெரிய ஃபோல்டரைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். இரவில் காப்பி போட்டுவிட்டுப் படுத்தால் அது ஒரு குறையாகத் தெரியாது.

ஃபார்மேட்

மேக் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. இரண்டிலும் வேலை நடந்தால் எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் ஜர்னலிங் இல்லாததால் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் ஃபைல்கள் கெட வாய்ப்பு அதிகம்.

என் பரிந்துரை

கையில் இருக்கும் பணத்தை ஒரே பெரிய, வேகமான டிரைவில் போடாதீர்கள். 1 டிபி எஸ்எஸ்டியும் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து வாங்குங்கள். அடுத்த பணம் வரும்போது இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதே நகலை வேறு வீட்டில் வையுங்கள். லைப்ரரி தொலைந்தால் மறுபடி டவுன்லோட் செய்யலாம். அன்று அந்தக் குரலில் அமைந்த டேக் திரும்பக் கிடைக்காது. வேகத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் அந்த டேக்கைக் காப்பாற்றவே போகட்டும்.