வயசான நாய்க்குக் கட்டியா? விரலால முடிவு பண்ணாதே!

தங்கச்சி, நாய்க்கு வயசாக வயசாகத் தோலுக்கு அடியில கட்டி தட்டுப்படுறது ரொம்ப சகஜம். லாப்ரடார் மாதிரி பெரிய நாய்க்கு 7 வயசு தாண்டினாலே முதுமைக் கணக்குதான். கையில தட்டுப்படுற எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனா எது புற்று, எது இல்லைன்னு தடவிப் பார்த்து உன்னாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது, அனுபவசாலி டாக்டராலயும் முடியாது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைப் படி.

மாசம் ஒரு தடவை, நாய் அசந்து படுத்திருக்கிற நேரமா பார்த்து உடம்பு முழுக்கத் தடவிப் பாரு. விரல் நுனியால குத்தாம, விரல்களைத் தட்டையா வெச்சு, தாடைக்கு அடியில ஆரம்பிச்சு கழுத்து, தோள், கக்கம், விலா, வயிறு, தொடை இடுக்கு, வால் அடின்னு போ. ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல தடவினா வித்தியாசம் உடனே தெரியும். வாய்க்குள்ள ஈறையும் விரல் இடுக்கையும் விட்டுடாதே.

இதுல வீணா பயமுறுத்துற விஷயங்களும் உண்டு. ஆண் நாய்க்கும் முலைக்காம்பு இருக்கும். அதை உண்ணின்னு நினைச்சுப் பிடுங்கப் போறவங்க இருக்காங்க. கடைசி விலா எலும்போட முனையும், நெஞ்செலும்பு முடியுற இடமும் கட்டி மாதிரியே கையில படும். சிமென்ட் தரையிலயே படுக்கிற நாய்க்கு முழங்கை காய்ச்சுப்போகும். சில சமயம் அங்க நீர் கோத்து மெத்துனு தொங்கும். அதை ஊசியால குத்தி நீரை எடுக்க அவசரப்படாதே, கிருமி உள்ளே போயிடும். தடிமனா ஒரு மெத்தையோ மடிச்ச கம்பளியோ போடு. பெரும்பாலும் அதுலயே சரியாக ஆரம்பிக்கும்.

நிஜமாவே கட்டின்னா உடனே குறிச்சு வை. பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போன்ல போட்டோ எடு. எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., நகருதா, ஒட்டியிருக்கா, தேதி என்ன, எல்லாத்தையும் எழுது. 'முன்னைவிடப் பெரிசாயிருக்கோ?'ன்னு டாக்டர் முன்னாடி நின்னு யோசிக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்.

'மெத்துனு இருக்கு, பிடிச்சா வழுக்குது, அப்போ கொழுப்புக் கட்டிதான்'னு எல்லாரும் சொல்லுவாங்க. பல நேரம் அது உண்மைதான்; குண்டா இருக்கிற வயசான நாய்க்கு கொழுப்புக் கட்டி நிறையவே வரும். ஆனா மாஸ்ட் செல் கட்டின்னு ஒண்ணு இருக்கு, நாய்களுக்குத் தோல்ல அடிக்கடி வர்ற புற்று. அது அச்சு அசல் கொழுப்புக் கட்டி மாதிரியே மெத்துனு இருக்கலாம், மரு மாதிரி இருக்கலாம், பூச்சிக்கடி மாதிரியும் இருக்கலாம். இன்னிக்குப் பெரிசா தெரியும், நாளைக்குச் சுருங்கின மாதிரி இருக்கும். 'வத்திடுச்சு'ன்னு நிம்மதியாகிடாதே, அப்படி ஏறி இறங்குறதே அதோட அடையாளங்கள்ல ஒண்ணு. அழுத்திப் பிதுக்கினா அதுக்குள்ள இருக்கிற ஹிஸ்டமின் வெளியேறி, சுத்திலும் சிவந்து வீங்கிடும். பாக்ஸர், பக், லாப்ரடார் வெச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும்.

அதனாலதான் ஊசிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குன்னு சொல்றேன். மெல்லிய ஊசியைக் கட்டியில செலுத்தி, கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டுல தடவி மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. எஃப்.என்.ஏ.சி-ன்னு கேட்டா டாக்டருக்குப் புரியும். பெரும்பாலும் மயக்க மருந்தே தேவையில்லை, தடுப்பூசி போடுற நேரம்தான் ஆகும். கட்டி 1 செ.மீ. அளவு இருந்தாலோ, ஒரு மாசமா போகாம இருந்தாலோ இந்தப் பரிசோதனையை எடுத்துடு. உங்க ஊர் கிளினிக்ல வசதி இல்லேன்னா சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. போன் பண்ணி விசாரிச்சுட்டுப் போ.

சிலதுக்கு அந்த ஒரு மாசமும் காத்திருக்கக் கூடாது. வேகமா வளர்ற கட்டி, புண்ணாகி ரத்தம் கசியுறது, அடியில இறுகி ஒட்டினது, இதெல்லாம் அந்த வாரமே காட்ட வேண்டியவை. தாடைக்கு அடியிலயும், தோளுக்கு முன்னாலயும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலயும் வலியே இல்லாம நெறி கட்டியிருந்தா அது நிணநீர்ப் புற்றா இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஊசிப் பரிசோதனையும் எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு வேண்டாமேன்னு டாக்டர்கிட்ட கேளு. அது வீக்கத்தை வத்த வெச்சு நோயை மறைச்சுடும்.

கருத்தடை பண்ணாத பெட்டை நாயா? காம்பு காம்பா நிதானமா தடவிப் பாரு, முக்கியமா பின்னங்கால் பக்கம் இருக்கிற கடைசி ரெண்டு ஜோடியை. கட்டி அங்கதான் அதிகம் வரும். மடிக்கட்டிகள்ல ஏறக்குறைய பாதி புற்றாவே இருக்கும். 3 செ.மீ.க்குக் குறைவா இருக்கும்போதே எடுத்தா பிழைக்கிற வாய்ப்பு நல்லா கூடும். பெரிசாகட்டும்னு காத்திருக்கிறது அந்தப் பிள்ளைக்குப் பண்ற அநியாயம்.

சுண்ணாம்பு தடவுறது, மருவுல நூல் கட்டுறது, ஊசியால குத்துறது எதுவும் வேண்டாம். வலிக்குதேன்னு நம்ம வீட்டு பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துடாதே, நாய் உயிருக்கே ஆபத்து.

கொழுப்புக் கட்டின்னு உறுதியாயிட்டா, நடைக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும் அப்படியே விட்டுடலாம். எடையைக் குறை, அளவை மட்டும் கவனிச்சுட்டே வா. பக்கத்துல புதுசா இன்னொண்ணு வந்தா அதுக்கும் தனியா ஊசி எடுக்கணும். முதல் கட்டியோட ரிசல்ட் ரெண்டாவதுக்குப் பொருந்தாது.

ஆபரேஷன்னு சொன்னா 'வயசாயிடுச்சு, மயக்க மருந்து தாங்குமா'ன்னு வீட்ல பெரியவங்க தயங்குவாங்க. வயசை மட்டும் வெச்சு வேண்டாம்னு சொல்லாதீங்க. கிட்னி, கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, புற்றுன்னா நெஞ்சு எக்ஸ்ரே, இதெல்லாம் பார்த்துட்டு டாக்டர் சொல்லட்டும். எடுத்த கட்டியைக் குப்பையில போட விடாதே. ஃபார்மலின் பாட்டில்ல போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லு. எந்த வகைக் கட்டி, ஓரம் வரைக்கும் முழுசா வந்துடுச்சான்னு அந்த ரிப்போர்ட்லதான் தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த சிகிச்சை வேணுமான்னே டாக்டர் முடிவு பண்ணுவார்.