ஹிம்ஸாதானம்: இளையோர் கைக்கு ஆயுதம் எட்டாதிருக்க



சிராவகர்க்குரிய பன்னிரு விரதங்களுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்று. பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களினின்று விலகி நிற்றலே இவ்விரதம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அச்செயல்களை ஐந்தாக வகுத்துள்ளார். தீவினைக்கு வழி சொல்லுதல் பாபோபதேசம். கொலைக்கருவிகளைப் பிறருக்குத் தருதல் ஹிம்ஸாதானம். பிறர் கேட்டையே நினைந்து கொண்டிருத்தல் அபத்தியானம். மனத்தைக் கெடுப்பனவற்றைக் கேட்டல் துச்சுருதி. கவனமின்றி நடத்தல் பிரமாதசரியை.

இவற்றுள் ஹிம்ஸாதானத்தைப் பற்றி ஒரு வினா எழுகிறது. தருதல் என்பது கையில் எடுத்துக் கொடுப்பது மட்டுமா? சிறுவன் கைக்கு எட்டும் இடத்தில் கருவியை வைத்திருப்பதும் தருதலே என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இப்பாடம்.

நம் பகுதியின் நிலை

வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிகளிலிருந்து தொழில் நாடி ஓசூருக்கு வந்த நம் குடும்பங்கள் சிப்காட் தொழிற்பேட்டைகளை அறிவர்; கர்நாடக எல்லையை அறிவர். தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகளை அத்துணை அறியார். 2014-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்குள்ளது. காட்டை ஒட்டிய கேழ்வரகு, நிலக்கடலை வயல்களில் காட்டுப்பன்றிகள் இறங்கி ஓரிரவில் விளைச்சலை அழித்துவிடும். அவற்றை விரட்டவும் வேட்டையாடவும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைச் சிலர் மறைத்து வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். அவற்றை ஒப்படைக்குமாறு மாவட்டக் காவல்துறை பலமுறை வேண்டியுள்ளது. ஊர்ப் பெரியவர்கள் வழியாகவும் பல துப்பாக்கிகள் வந்து சேர்ந்துள்ளன. எஞ்சியவை பரணிலும் வைக்கோற்போரிலும் கிடக்கின்றன. பரண் எத்துணை உயரமாயினும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது உயரமன்று.

நான் கற்ற பாடம்

1984-ஆம் ஆண்டு அக்காட்டோர ஊர் ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைநிறைய ஈயக் குண்டுகளைக் கொணர்ந்து தோழர்களுக்குக் காட்டினான். அவற்றைப் பறித்து, அவனைப் பகல் முழுதும் வெளியில் நிற்க வைத்தேன். ஆசிரியப் பயிற்சியில் வகுப்பொழுங்கு குறித்து நற்பெயர் பெற்றவள் நான். கடமை முடிந்தது என்று எண்ணினேன். ‘இக்குண்டுகள் எங்கிருந்து வந்தன? துப்பாக்கி எங்கே இருக்கிறது?’ என்று நான் கேட்கவில்லை. அவன் வீட்டிற்குச் செல்லவுமில்லை.

மூன்று வாரங்கள் கழிந்தன. பெற்றோர் வயலுக்குச் சென்ற வேளையில் அவன் பரணிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தம்பியிடம் விளையாட்டாய் நீட்டினான். மருந்து கெட்டித்திருந்ததை அவன் அறியான். எட்டு வயதுத் தம்பி வலக்கண் பார்வையை இழந்தான்.

அன்று முதல் அண்ணன் பள்ளிக்கு வரவில்லை. ‘தம்பி கண்ணைத் தின்றவன்’ என்று ஊரார் அவன் செவிபடவே பேசினர். குண்டுகளைப் பறித்தேன், பிள்ளையைக் கேட்காமல் விட்டேன். என்னிடமிருந்த பிரமாதமும் இதிற் சேர்ந்ததே என்பதை இன்றும் மறவேன்.

கருவியே வேறுபடுத்துகிறது

2007-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் குர்கான் நகரத் தனியார் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் உடன் பயின்ற சிறுவனைச் சுட்டுக் கொன்றனர். துப்பாக்கி அவர்களுள் ஒருவனுடைய தந்தையுடையது. மாணவரிடையே பூசல் எப்பள்ளியில் இல்லை? அங்கே பூசலுக்குத் துப்பாக்கி கிடைத்தது.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமாயிற்று என்று இளைஞர்கள் நெடுஞ்சாலையை மறித்தனர், பேருந்துகள்மீது கல்லெறிந்தனர். அதுவும் கண்டிக்கத்தக்கதே. எனினும் அக்கைகளில் கல்லுக்குப் பதில் துப்பாக்கி இருந்திருப்பின் எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழுந்திருக்கும்! துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்காவில் 2020 முதல் சிறுவர், இளையோர் இறப்பிற்கு முதற்காரணம் துப்பாக்கியாகவே உள்ளது. சினம் எல்லா நாட்டிலும் உண்டு. அது தணியுமுன் கைக்கு எது எட்டுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

‘நம் வீட்டில் துப்பாக்கி இல்லையே’ என்று அமைதி கொள்ளலாகாது. நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பன்றிக்காக நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதை அறிந்தும் விளைச்சல் கருதி வாளாவிருப்போமாயின், அஃது ஹிம்ஸாதானத்திற்கு உடன்படுதலே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. 21 வயது நிரம்பாதார் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடந்தருவதில்லை. இவற்றை அவருக்கு அன்புடன் எடுத்துக்கூறி, ஊர்ப் பெரியவரையோ வழக்கறிஞரையோ உடன்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வீர். மருந்து கெட்டித்த துப்பாக்கியைத் தாமே பிரிக்க எவரும் முயலுதல் கூடாது. உரிமம் பெற்றவராயின், துப்பாக்கியை வெறுமையாக்கிப் பூட்டி வைத்தலும், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுதலும் வேண்டும்.

அடுத்தது அபத்தியானம். ஆலைகளில் பெற்றோர் இருவரும் முறைமாற்றி வேலை செய்யும் இல்லங்களில் பிள்ளை மாலையில் தனித்திருக்கிறான். கைபேசியில் அவன் காணும் வெட்டும் குத்துமே துச்சுருதி. உண்ண மறுத்தல், நண்பரை விலக்குதல், ‘அவனை விடமாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர். நாளும் அரைமணி நேரம் அறிவுரை கூறாது அவன் சொல்வதைக் கேளுங்கள். அச்சமிருப்பின் சிறுவர் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் ஓசூருக்கு அண்மையிலேயே உள்ளது.

காயம் ஆறும் வழி

அச்சிறுவர்களின் கதையை முடிக்க வேண்டும். ஒரு மாதம் சென்றபின் துணிந்து அவ்வீட்டிற்குச் சென்றேன். ‘நான் அன்றே கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையதும் ஆகும்’ என்று தாயிடம் சொன்னேன். அவ்வம்மையார் மறுமொழி கூறவில்லை. அமரப் பாய் விரித்தார். அதன்பின் சனிக்கிழமைதோறும் சென்றேன். கண்கட்டுடன் இருந்த தம்பிக்கு அண்ணனைக் கொண்டே பாடங்களை உரக்கப் படிக்கச் செய்தேன். முதல் நாள் அவன் குரல் எழவில்லை. மூன்றாம் வாரம் தம்பி, ‘அண்ணா, இன்னொரு முறை படி’ என்றான். அடுத்த ஆண்டு இருவரும் பள்ளிக்கு வந்தனர். தந்தை துப்பாக்கியை ஒப்படைத்தார்.

தசலட்சண தருமங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. அது தவற்றை மூடி மறைப்பதன்று. தவற்றைச் சொல்லி, துன்புற்றவர்க்குப் பணி செய்து, மீண்டும் நிகழாவண்ணம் கருவியை அகற்றுவதே அதன் முழுமை. துன்புற்ற பிள்ளைக்கு முதலிடம் தருவோம். தவறிழைத்த பிள்ளையையும் ஊரைவிட்டு ஒதுக்காதிருப்போம்.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க

1. நம் வீட்டிலும் நிலத்திலும் பிள்ளை கைக்கு எட்டக்கூடிய ஆயுதம், நஞ்சு, வெடிமருந்து யாவை? அவற்றை இன்றே எங்கே பூட்டுவோம்?
2. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளி நாளில் பிள்ளைக்குப் பொட்டுத் துப்பாக்கி வாங்கித் தருவது தகுமா?
3. இவ்வாரம் நம் பிள்ளை யார்மீது சினங்கொண்டான்? அதனை நாம் கேட்டோமா?

மூன்றாம் வினாவிற்கு விடை தெரியாத இல்லத்தார் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவாராக.