டாம்கேட்டை எப்போது மாற்றுவது?

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு சார், அதைப் போய் ஏன் மாத்தணும்?" டாம்கேட் சர்வரைப் பற்றி என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன்: எந்த எண்ணை மாற்றப் போகிறீர்கள்?

9.0.98-இலிருந்து 9.0.99-க்குப் போவது ஒரு வேலை. 9-இலிருந்து 10.1-க்குப் போவது முற்றிலும் வேறு வேலை. இரண்டுக்கும் 'அப்கிரேட்' என்று ஒரே பெயர் வைத்திருப்பதால், பெரியதற்குப் பயந்து சின்னதையும் தள்ளிப் போடுகிறோம்.

கடைசி எண் மட்டும் மாறுகிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். 2025 மார்ச்சில் டாம்கேட்டின் பார்ஷியல் புட் (கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றும்) வசதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. 9.0.99, 10.1.35, 11.0.3 ஆகியவற்றில் அதை அடைத்திருந்தார்கள். எல்லோரும் ஆபத்தில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். டீஃபால்ட் சர்வ்லெட்டுக்கு எழுதும் அனுமதியை யாராவது வேலை மெனக்கெட்டுத் திறந்துவிட்டிருந்தால்தான் வினை. ஆனால் நம் சர்வரில் அது திறந்திருக்கிறதா, செஷன் கோப்பில் சேமிக்கப்படுகிறதா என்றெல்லாம் உட்கார்ந்து ஆராய்கிற நேரத்தில் அப்கிரேடையே முடித்துவிடலாம். 8.5 வைத்திருந்தவர்களுக்கோ அந்த வழியும் இல்லை. அதற்கான ஆதரவு 2024 மார்ச் 31-ஆம் தேதியே முடிந்துபோயிருந்தது.

சின்ன அப்கிரேட் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் கூடாது. 2020 பிப்ரவரியில் 'கோஸ்ட்கேட்' என்ற ஓட்டை வெளியானபோது பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்னால் நிற்கும் வெப் சர்வரோடு டாம்கேட் பேசுவதற்காக 8009 போர்ட்டில் இருக்கும் ஏஜேபி கனெக்டர் வழியாக வெளியாள் சர்வர் கோப்புகளைப் படித்துவிட முடியும் என்பது பிரச்சினை. நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் இரவோடு இரவாக 9.0.31 போட்டோம். டாம்கேட் எழுந்துவிட்டது, ஒரு பக்கமும் வரவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு இரண்டு மணி நேரம் அலைந்தோம். காரணம் லாகில் ஒரே வரியில் இருந்தது: ஏஜேபிக்கு ரகசியச் சொல் கொடுக்கவில்லை, அதனால் அந்தக் கனெக்டர் மட்டும் தொடங்கவில்லை. புதிய வெர்ஷனின் இயல்பான அமைப்பில் ரகசியச் சொல் கட்டாயம். போதாததற்கு, முகவரி குறிப்பிடாவிட்டால் அதே இயந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டும்தான் ஏற்கும். நாங்களோ பழைய சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பை அப்படியே தூக்கிப் போட்டிருந்தோம். மாற்றப் பட்டியலைப் பத்து நிமிடம் படித்திருந்தால் அன்று தூங்கியிருக்கலாம். இரண்டு வெர்ஷன்களின் கான்ஃபிக் கோப்புகளில் என்ன வித்தியாசம் என்று காட்டும் வசதி டாம்கேட் தளத்தின் மைக்ரேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம்.

இனி பெரிய அப்கிரேட். 9-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது ஒரு பெயர் மாற்றம். ஜாவா இஇ-யை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க ஆரக்கிள் முடிவு செய்தது. 'ஜாவாக்ஸ்' என்ற பெயரின் கீழ் புதிதாக எதையும் மாற்றும் உரிமையைத் தரவில்லை. அதனால் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்பது ஜகார்த்தா.சர்வ்லெட் ஆனது. உங்கள் கோடில் இருக்கும் இம்போர்ட் வரிகள் மட்டும் மாறினால் அரைநாள் வேலைதான். நீங்கள் எழுதாத ஜார் கோப்புகளில் அல்லவா சிக்கல்! ஸ்பிரிங் 5 இருந்தால் 6-க்குப் போயாக வேண்டும். அது ஜாவா 17 கேட்கும். ஆகவே இங்கே சர்வரை மாற்றுவது கடைசி வேலை. தேதியைக் குறிக்க வேண்டியவர் டெவலப்பர், சர்வர் அட்மின் அல்ல.

ஓர் எச்சரிக்கை. ஜாவாக்ஸ் என்று வரும் எல்லா இடத்திலும் ஜகார்த்தா என்று மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.கிரிப்டோ போன்றவை ஜாவாவுக்கே சொந்தம். அவை அப்படியே இருக்கும். பழைய வார் கோப்பை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' ஃபோல்டரில் போட்டால் டாம்கேட் 10 தானே மாற்றிக்கொள்ளும். எது உடைகிறது என்று டெஸ்ட் சர்வரில் பார்க்க இது அருமையான வழி. இதை நம்பியே வருடக்கணக்கில் லைவில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

8.5-இல் இருப்பவர்கள் நேரே 10.1-க்குத் தாவ வேண்டாம். முதலில் 9-க்கு வாருங்கள். பெயர் மாறாது, ஜாவா 8 போதும். பெரும்பாலான அப்ளிகேஷன்கள் முணுமுணுக்காமல் ஓடும். 9-இல் இருப்பவர்கள் கடைசி எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே, ஜகார்த்தா வேலையைத் தனித் திட்டமாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் 9 வேண்டாம். ஜாவா 11 இருந்தால் 10.1, ஜாவா 17 இருந்தால் 11. 10.0-ஐ மறந்துவிடுங்கள், அதன் ஆயுள் 2022 அக்டோபர் 31-ஓடு முடிந்தது.

நாள் குறிக்கும்போது மாதக் கடைசியும் வேண்டாம், வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம். டாம்கேட் நிரல் இருக்கும் கேட்டலினா ஹோம், உங்கள் கான்ஃபிக்கும் அப்ளிகேஷனும் இருக்கும் கேட்டலினா பேஸ் இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். சின்ன அப்கிரேட் சொதப்பினால் ஹோமைப் பழைய ஃபோல்டருக்குத் திருப்பி, சர்வரை மறுபடி தொடங்கினால் போதும்.

நாளை வேலைக்குப் போனதும் டாம்கேட்டின் 'பின்' ஃபோல்டரில் உள்ள வெர்ஷன்.எஸ்எச் கோப்பை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டாம்கேட் எண்ணும் ஜாவா எண்ணும் சேர்ந்தே வரும். 8.5 என்று தொடங்கினால் அன்றைக்கே மேலாளரிடம் நேரம் கேளுங்கள்.