விளிம்பைத் தடவிப் படிக்கும் புரதம்

கேள்வி: டி.என்.ஏ.வில் லட்சக்கணக்கான எழுத்துகள் இருக்கின்றன. ஒரு மரபணுவை இயக்கவோ நிறுத்தவோ வரும் புரதம், தனக்குரிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதை முதலில் கண்டறிந்தவர்கள் யார்?

பதில்: ஒரு பாக்டீரியாவின் சாப்பாட்டு விஷயத்தில் இருந்துதான் இதெல்லாம் தொடங்கியது. நம் குடலில் வாழும் ஈ. கோலைக்குக் குளுக்கோஸ் கிடைத்தால் போதும், பால் சர்க்கரையான லாக்டோஸைத் திரும்பியும் பார்க்காது. குளுக்கோஸ் தீர்ந்து லாக்டோஸ் மட்டும் மிஞ்சும்போதுதான் அதைச் செரிக்கும் நொதிகளை மும்முரமாகத் தயாரிக்கும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும் 1961-ல் இதற்கு விளக்கம் சொன்னார்கள்: லாக்டோஸ் இல்லாத வேளையில் அந்த மரபணுக்களின் வாசலை ஏதோ ஒன்று மறித்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ‘அடக்கி’ என்று பெயர் வைத்தார்கள். அது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்றே அப்போது நினைத்தார்கள்.

அது புரதம் என்று 1966-ல் காட்டியவர்கள் ஹார்வர்டில் இருந்த வால்டர் கில்பெர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும். ஒரு செல்லில் சுமார் 10 அடக்கிகள்தான் இருக்கும். அதனால் பிரித்தெடுப்பதற்குள் பெரும்பாடு பட்டார்கள். பிறகு கில்பெர்ட்டும் ஆலன் மாக்ஸமும் அடக்கி உட்காரும் இடத்தின் எழுத்துகளைப் படித்து 1973-ல் வெளியிட்டார்கள். வெறும் 24 எழுத்துகள்!

அந்த வரிசையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். அதன் மையமான 21 எழுத்துகள் ‘ஏ ஏ டி டி ஜி டி’ என்று தொடங்கி ‘ஏ சி ஏ ஏ டி டி’ என்று முடிகின்றன. எதிர் இழையை மறுமுனையில் இருந்து படித்தால் மறுபடியும் ‘ஏ ஏ டி டி ஜி டி’ வருகிறது. காரணம், அடக்கி அங்கே ஒரே மாதிரியான இரண்டு கைகளால் பிடிக்கிறது. கைக்கு ஒரு பாதி.

படிப்பதற்காக டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிரிக்க வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு, விளிம்பைத் தடவியே எது ஒரு ரூபாய், எது ஐந்து ரூபாய் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே வேலைதான். முறுக்கிய ஏணியின் ஒவ்வொரு படியும், அதாவது ஒவ்வொரு எழுத்து ஜோடியும், தன் விளிம்பை வெளியே உள்ள பள்ளத்தில் காட்டுகிறது. ஹைட்ரஜனைத் தரும் முனை எது, ஏற்கும் முனை எது என்ற ஒழுங்கு ஜோடிக்கு ஜோடி மாறுகிறது. அகலமான பள்ளத்தில் நான்கு வகை ஜோடிகளையும் பிரித்தறியலாம், குறுகிய பள்ளத்தில் ஏ-டியும் டி-ஏயும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும் என்பதை நேட்ரியன் சீமன், ஜான் ரோசன்பெர்க், அலெக்சாண்டர் ரிச் மூவரும் 1976-ல் விளக்கினார்கள். அடக்கி தன் சுருள் ஒன்றை அகலமான பள்ளத்துக்குள் செருகுகிறது. அதன் 17, 18, 22-ஆம் இடத்து அமினோ அமிலங்கள்தான் முக்கியமாக எழுத்துகளைத் தொட்டுப் பார்க்கும் விரல் நுனிகள்.

ஆனால் 46 லட்சம் ஜோடிகளில் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது? சோதனைக் குழாயில், நீரில் மிதந்து முட்டிமோதினால் எட்டக்கூடிய வேகத்தைவிட அடக்கி வேகமாக இலக்கை அடைவதை 1970-லேயே ஆர்தர் ரிக்ஸ் குழு கவனித்தது. அது டி.என்.ஏ. மீது வழுக்கிக்கொண்டே தேடுகிறது. ஒளிரும் அடக்கியை உயிருள்ள பாக்டீரியாவுக்குள் 2007-ல் ஹார்வர்டில் பின்தொடர்ந்தார்கள். அது ஏறக்குறைய 90 சதவீத நேரத்தை டி.என்.ஏ.வில் ஒட்டியபடியே கழித்தது. ஆனால் ஒவ்வொரு ஒட்டலும் 5 மில்லி விநாடிக்கும் குறைவு. ஒரு தடவைக்குச் சுமார் 45 ஜோடிகள் வழுக்குகிறது, பிறகு தாவுகிறது என்று 2012-ல் சுவீடனின் உப்சாலாவில் கண்டார்கள். சரியான இடத்தின் மேலேயே பல தடவை வழுக்கிப் போன பிறகுதான் பிடிக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது.

தேடும்போது அடக்கியின் பிடி தளர்வானது. இழையின் முதுகெலும்பான பாஸ்பேட்டுகளை மட்டும் பற்றியிருக்கும். உரிய இடம் வந்ததும் அதே விரல்கள் எழுத்துகளின் பக்கம் திரும்புகின்றன. நேராக இருந்த டி.என்.ஏ. சுமார் 36 டிகிரி வளைந்து பிடி இறுகுகிறது. லாக்டோஸ் வந்துவிட்டால், அதில் இருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அடக்கியில் ஒட்டிப் பிடியை விடுவிக்கிறது. வாசல் திறக்கிறது.

கேள்வி: மனித மரபணுத் தொகுப்பில் 300 கோடி எழுத்துகள் ஆயிற்றே. அங்கும் இப்படித்தானா?

பதில்: தொட்டுப் படிக்கும் முறை அதேதான், இடைஞ்சல்தான் அதிகம். மனிதரிடம் இத்தகைய படியெடுப்புக் காரணிகள் சுமார் 1,600 உள்ளன. பல காரணிகள் தேடும் சொல் 6 முதல் 12 எழுத்துகளே என்பதால், அது தேவையில்லாத இடங்களிலும் ஏராளமாகத் தென்படும். போதாக்குறைக்கு டி.என்.ஏ.வின் பெரும்பகுதி ஹிஸ்டோன் புரத உருளைகளில் சுற்றிக்கிடக்கிறது. ஆகவே சில காரணிகள் கூட்டாக வந்து பக்கத்துப் பக்கத்தில் அமர்கின்றன. கல்லீரல் உருவாகும்போது ஃபாக்ஸ்-ஏ போன்ற முன்னோடிக் காரணிகள் சுற்றிய நிலையிலேயே டி.என்.ஏ.வைப் பற்றி மற்றவற்றுக்கு வழிவிடுகின்றன.

இந்தத் தொடுதல் தவறினால் என்ன ஆகும் என்பதை பி-53 காட்டுகிறது. புற்றுநோயைத் தடுக்கும் காரணி அது. டி.என்.ஏ.வைப் பற்றும் அதன் அமினோ அமிலங்களில் இரண்டு, 248, 273-ஆம் இடத்து ஆர்ஜினின்கள். புற்றுநோய்க் கட்டிகளில் பி-53 மாறிக் கிடக்கும்போது மிக அடிக்கடி மாறியிருக்கும் இடங்களில் இவை இரண்டும் அடங்கும்.