முதலில் அது எந்த மீன்?

ஆற்று மீன் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கைக்கு வரும் ஒவ்வொரு மீனின் துடுப்பிலிருந்தும் ஒரு துணுக்கு வெட்டி எத்தனாலில் போட்டுவையுங்கள். துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுப்போகும்.

காவிரியின் மஹசீர் மீன்களின் எண்ணிக்கையை ஆராயத்தான் சேர்ந்தேன். ஒகேனக்கல் பக்கம் பரிசல் ஓட்டிய அண்ணன் தொடக்கத்திலேயே சொன்னார்: "இதுல ரெண்டு சாதி இருக்கு தம்பி. முதுகு தூக்கிக்கிட்டு, துடுப்பு செவந்து இருக்கறது நம்ம ஆத்து மீனு. நீலத் துடுப்பு பின்னால வந்தது."

துடுப்புத் துணுக்குகள் சேகரிக்க வேண்டும் என்று நெறியாளரிடம் கேட்டேன். வகைப்பாடு பழைய காலத்து வேலை, எண்ணினால் போதும் என்று மறுத்துவிட்டார். எல்லா மீனும் அட்டவணையில் 'மஹசீர்' என்ற ஒரே பத்தியில் ஏறின.

அண்ணன் சொன்னதுதான் உண்மை. நீலத்துடுப்பு மஹசீர், லோனாவாலா மீன்பண்ணையில் பொரிக்கவைத்துக் கொண்டுவந்து விடப்பட்டது. திமில் உள்ளது காவிரிப் படுகைக்கே உரியது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்டது அந்த இனம்தான். பாம்பாற்று மீனுக்கு முன்பே சூட்டிய 'டோர் ரெமாதேவி' என்ற பெயரே இதற்கும் உரியது என்று 2018-இல் நிறுவினார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது. எங்கள் அட்டவணையிலோ மஹசீர் பெருகிக்கொண்டிருந்தது! பெருகியது வந்தேறி மீன். சொந்த மீன் குறைந்ததை அந்த ஒற்றைப் பத்தி மறைத்துவிட்டது. சிறு மீன்களைப் புகைப்படத்தை வைத்துப் பிரிக்கவும் முடியவில்லை. பல ஆண்டு உழைப்பு வீண்.

மற்றவை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் வேலையை வையுங்கள். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் பரிசலில் ஏறாதீர்கள். தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்களோடு தனியாகத் தகராறுக்குப் போகாதீர்கள்.

உங்களுக்கும் உதவித்தொகை தாமதமாகத்தான் வரும், கடன் வாங்கித்தான் சாப்பிடுவீர்கள். ஆனாலும் குப்பியையும் எத்தனாலையும் சொந்தக் காசில் வாங்கிவிடுங்கள். நெறியாளர் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மறுப்பும் எழுத்தில் வரட்டும். இரண்டாம் ஆய்வில் நான் அப்படித்தான் செய்தேன். அந்தக் குப்பிகளை வைத்துத்தான் இன்று இரண்டு இனங்களையும் தனித்தனியாக எண்ண முடிகிறது.

அந்த இரண்டாம் ஆய்வின் கட்டுரையில் பரிசல்கார அண்ணனை இணை ஆசிரியராகச் சேர்த்தேன். பட்டம் இல்லாதவர் பெயர் எதற்கு என்று துறையில் இன்னும் கேட்கிறார்கள். இரண்டு இனம் என்று முதலில் பிரித்துச் சொன்னவர் அவர். அடுத்த கட்டுரையிலும் அவர் பெயர் வரும்.